வராதவரைத் தேடிப் போகிற சிகிச்சை

ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி, நாளுக்கு ஒரு அறை. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவரின் வீட்டுக்கு வந்த செவிலியர் உட்கார்ந்ததும் முதலில் பேச்சுக் கொடுப்பார், தூக்கம் எப்படி, சாப்பிட முடிகிறதா என்று. பேசிக்கொண்டே அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார். திங்கள் காலி. செவ்வாய் காலி. புதனிலிருந்து மாத்திரைகள் அப்படியே கிடக்கின்றன. இன்றைக்குச் சனிக்கிழமை. பாதி விஷயம் அவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். புதன்கிழமை என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்பார். வாய் உலர்கிறது, பகலெல்லாம் தூங்கி வழிகிறேன், அதனால் விட்டுவிட்டேன் என்று பதில் வரலாம். அன்றைக்குக் குடித்தேன், குடித்தால் மாத்திரை போடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள், அப்படியே நின்றுபோய்விட்டது என்றும் வரலாம். இந்த இரண்டாவது பதில் நாம் நினைப்பதைவிட அடிக்கடி வரும்.

இதே ஆள் மருத்துவமனைக்கு வரவேண்டிய நாளில் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெயரைக் கூப்பிடுவார்கள், இன்னொரு தடவை கூப்பிடுவார்கள், 'வரவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனுக்குப் போய்விடுவார்கள். கூப்பிடுகிறவரையும் குறை சொல்ல முடியாது, வெளியே வரிசை நிற்கிறது. ஆனால் காய்ச்சல் அதிகமானால் ஆள் டாக்டரிடம் ஓடுவார், மனநோய் அதிகமானால் டாக்டரை விட்டு விலகி ஓடுவார். போதைப் பழக்கமும் அப்படித்தான். அதனால் 'வரவில்லை' என்ற அந்த ஒரு வார்த்தையே பல சமயம் நோய் திரும்புகிறது என்பதற்கான முதல் அறிகுறி, அதைத்தான் நோட்டில் எழுதி மூடி வைக்கிறோம்.

சமூக மனநலச் சேவை, சமூகத்தில் போதைச் சிகிச்சை என்றெல்லாம் சொன்னால் பலருக்கு விழிப்புணர்வுப் பேரணியும் பேனரும்தான் ஞாபகம் வருகிறது. விஷயம் அதைவிட எளிமையானது, உழைப்பு மட்டும் கூடுதல். ஒருவர் தன் வீட்டில், தன் தெருவில், முடிந்தால் தன் வேலையில் இருந்துகொண்டே சிகிச்சை பெறுவது. மருத்துவமனைப் படுக்கை தேவைப்பட்டால் சில நாளைக்கு மட்டும். வெளியே வந்தபின் அவரைப் பற்றித் தெரிந்த ஒருவர் அவரை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது. இந்தக் கடைசிப் பகுதிதான் எல்லா இடத்திலும் முதலில் ஒடிகிறது. என்னைக் கேட்டால், ஒரு சேவை தேறுமா என்று பார்க்கக் கட்டடத்தையோ படுக்கைக் கணக்கையோ பார்க்க வேண்டாம், வரவேண்டியவர் வராத நாளில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும்.

சரி, ஏன் வருவதில்லை? மனச்சோர்வில் இருப்பவருக்குக் குளித்து, உடை மாற்றி, வாசலைத் தாண்டுவதே மலை ஏறுவதுபோல. மனச்சிதைவில் காதில் குரல் கேட்பவருக்கு அந்தக் குரலே 'அங்கே போகாதே' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். குடித்துவிட்டவருக்கு வெட்கம், போன மாதம் 'இனி தொட மாட்டேன்' என்று அந்தக் கவுன்சலரிடம்தானே சத்தியம் செய்தார். சிலருக்கு விடுப்பு கிடைக்காது. சிலருக்குப் பயணத்துக்குக் காசு கிடையாது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தே இருந்தது, பஸ்ஸுக்குத் தேவையான 15 டாலர் இல்லை. அந்த மரணம்தான் தன்னை மாற்றியது என்று அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். நோயாளி மருத்துவமனைக்கு வர முடியாவிட்டால் சிகிச்சை அவர் இருக்கும் இடத்துக்குப் போகட்டும் என்று 2006-இல் ஹராரே நகரத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வெளியே மரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டார். அதில் உட்கார்ந்து பேசியவர்கள் டாக்டர்கள் கிடையாது, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பாட்டிகள், ஆரம்பத்தில் 14 பேர். மனச்சோர்வு என்ற வார்த்தையை அவர்கள் பயன்படுத்தவில்லை. 'குஃபுங்கிசிசா', அதாவது 'அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது' என்று ஷோனா மொழியில் ஊரே சொல்கிற பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பெஞ்சில் பேசியவர்களில் மனச்சோர்வு அறிகுறிகள் மிச்சமிருந்தது சுமார் 14 சதவீதம் பேருக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் சுமார் 50 சதவீதம் பேருக்கு.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இன்றைய ஓட்டைகளுக்குக் காரணம் அங்கே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனநலச் சிகிச்சை என்றால் ஊருக்கு வெளியே உயரமான மதில் என்றுதான் அர்த்தம். அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் 1955-இல் சுமார் 5,59,000 பேர் அடைபட்டிருந்தார்கள். 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருந்தவர்கள் அமைதியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் 'இவர்களை ஏன் உள்ளே வைத்திருக்கிறோம்?' என்ற கேள்வி பலமாக எழுந்தது. 1963 அக்டோபரில், தான் கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னால், அமெரிக்க அதிபர் கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். 1,500 மையங்கள் கட்டுவதாகத் திட்டம். ஏறத்தாழ பாதிதான் வந்தது. சம்பளத்துக்கான மத்திய அரசுப் பணம் சில ஆண்டுகளுக்குத்தான், அதற்கப்புறம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாடு வேறு. மருத்துவமனைக் கதவு முழுசாகத் திறந்தது, வெளியே வந்தவரை வாங்கிக்கொள்ள வேண்டிய கை பாதிதான் நீண்டிருந்தது. வெளியே வந்தவர்களில் பலர் தெருவுக்கும், அங்கிருந்து சிறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 'பார்த்தீர்களா, சமூகச் சிகிச்சை தோற்றுவிட்டது' என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாத ஒன்று எப்படித் தோற்கும்?

செய்து காட்டிய ஊர் இத்தாலியின் திரியெஸ்தே. பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர் 1971-இல் அங்கே மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றபோது உள்ளே கிட்டத்தட்ட 1,200 பேர். 1973-இல் நோயாளிகளும் கலைஞர்களும் ஊழியர்களும் சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு பெரிய நீலக் குதிரை செய்து ஊருக்குள் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். குதிரை வாசலில் நுழையாததால் வாசலையே இடித்தார்கள் என்று சொல்வார்கள். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அதற்கப்புறம் அவர்கள் செய்த சத்தமில்லாத வேலை. ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மையம், நாள் முழுக்க, வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும், ராத்திரி தங்க வேண்டியவர்களுக்குச் சில படுக்கைகள். அந்தப் பகுதி ஆட்கள் எல்லோருக்கும் அந்த மையம்தான் பொறுப்பு, 'இது எங்கள் கேஸ் இல்லை' என்று தட்டிக்கழிக்க முடியாது. 1978 மே மாதம் இத்தாலி முழுக்க 180-ஆம் எண் சட்டம் வந்தது: பழைய பாணி மனநல விடுதிகளில் இனிப் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, அட்மிஷன் தேவைப்பட்டால் பொது மருத்துவமனையில் 15 படுக்கைக்கு மேற்படாத சின்னப் பிரிவு. எல்லா ஊரும் திரியெஸ்தே ஆகிவிடவில்லை, பணமும் ஆளும் போட்ட இடத்தில் மட்டும் நன்றாக நடந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில் லியோனார்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் இருவரும் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். வார்டுக்குள் நோயாளி சமைக்கக் கற்றுக்கொள்கிறார், நன்றாகத் தேறுகிறார், வீட்டுக்குப் போன சில வாரத்தில் திரும்பி வருகிறார். வார்டு அடுப்பில் கற்றது வீட்டு அடுப்புக்குப் பொருந்தவில்லை. அப்படியானால் ஊழியர்களை வார்டிலிருந்து வெளியே அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்து, அனுப்பினார்கள். ஏறத்தாழ பத்து நோயாளிக்கு ஓர் ஊழியர் என்ற கணக்கில் ஒரே குழு. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லோரும் அதில். காலையில் கூடி, பலகையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் வாசிப்பார்கள்: இவரை நேற்று யார் பார்த்தது, எப்படி இருந்தார், இன்றைக்கு யார் போவது? ஊசி போடுவது, வீட்டுக்காரரிடம் வாடகைத் தகராறைப் பேசித் தீர்ப்பது, கூடவே கடைக்குப் போவது எல்லாமே சிகிச்சைதான். மருத்துவமனையில் சேரும் தேவை வெகுவாகக் குறைந்தது. ஆனால் 14 மாதம் முடிந்து அவர்களை வழக்கமான கவனிப்புக்குத் திருப்பி அனுப்பியதும் கிடைத்த பலனில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. 1980-இல் வெளிவந்த இந்த முடிவைப் பலர் பாதிதான் மேற்கோள் காட்டுகிறார்கள், எனக்கு இரண்டாவது பாதிதான் மனதில் நிற்கிறது. சர்க்கரை நோயாளிக்கு 14 மாதம் இன்சுலின் கொடுத்துவிட்டு நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆனது.

இனி குடியும் மனநோயும் ஒரே ஆளிடம் இருக்கும்போது நடப்பதைப் பார்ப்போம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். மனநல மருத்துவரிடம் போனால் 'முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், குடிக்கிறவருக்கு மாத்திரை கொடுத்து என்ன பயன்' என்கிறார்கள். குடிநோய் மறுவாழ்வு மையத்துக்குப் போனால் 'இவருக்கு மனநோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்' என்கிறார்கள். ஒரு குடும்பம் மகனைக் கூட்டிக்கொண்டு இந்த இரண்டு கதவுக்கும் நடுவே வருடக்கணக்கில் அலைவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்படி மனிதர்களை உடைத்துப்போடும் என்று. இது அபூர்வமான நிலைமையும் இல்லை. அமெரிக்காவில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கு 1990-இல் வெளியானது. குடிநோய் உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்கும், வேறு போதைப் பொருள் பழக்கம் உள்ளவர்களில் 53 சதவீதம் பேருக்கும் வாழ்நாளில் ஏதோ ஒரு மனநோய் இருந்திருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்குக் குடி அல்லது போதைப் பிரச்சினை. அதாவது இரண்டும் சேர்ந்து வருவதுதான் சாதாரணம், நாம் சேவைகளைக் கட்டியிருப்பது ஒன்று மட்டும் உள்ள ஆளுக்காக.

எது முதலில் வந்தது என்று தோண்டிக்கொண்டிருப்பதில் பெரிய பலன் இல்லை. தூக்கம் வராமல், பதற்றம் தாங்காமல் குடிக்க ஆரம்பித்திருப்பார். குடி முதல் சில மணி நேரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், மறுநாள் பதற்றத்தைக் கூட்டும், அதற்காக மறுபடி குடி. அதிகமாகக் குடிப்பவர்களிடம் தெரியும் மனச்சோர்வு பலருக்குக் குடியை நிறுத்திய மூன்று, நான்கு வாரத்தில் தானாகவே இறங்கிவிடும், இறங்காதவர்களுக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். ஆனால் அந்த நான்கு வாரத்தில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று பார்க்க யாராவது இருக்க வேண்டுமே! அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980-களின் கடைசியிலிருந்து சொல்லிவருவது எளிமையான விஷயம்: ஒரே குழு, ஒரே கூரை, ஒரே ஃபைல். குடியைப் பற்றியும் குரல்களைப் பற்றியும் ஒரே ஆளிடம் பேசலாம். இன்னும் குடிப்பதால் வெளியே போ என்று சொல்வதில்லை. முதலில் ஆள் நம்மிடம் வந்துபோகட்டும், நம்பட்டும், நிறுத்துவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று படிப்படியாகப் போவார்கள். மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில்.

குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம் டீடாக்ஸ். பத்து நாள் உள்ளே வைத்து நச்சு நீக்கினால் குணமாகிவிடுவார் என்று நினைக்கிறார்கள். உடம்பை ஆபத்தில்லாமல் போதையிலிருந்து இறக்குவதுதான் டீடாக்ஸ், சிகிச்சை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அதற்காக அதைச் சாதாரணமாகவும் நினைத்துவிடக் கூடாது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கலாம், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றி, இல்லாததைப் பார்த்து, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போகலாம். அறையில் பூட்டி வைத்து நிறுத்த வைக்கிறேன் என்று வீட்டில் செய்துபார்க்கும் விஷயமே இல்லை இது. தூக்க மாத்திரை வகைகளை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை, போதையில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. நிறுத்தும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று நரகமாக இருக்கும், ஆனால் அதனால் உயிர் போவது குறைவு. சில வாரம் நிறுத்தியபின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது: முதல் இரண்டு வாரத்தில் போதைப் பொருள் அளவு மீறி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு. மையத்திலிருந்து 'சுத்தமாகி' வெளியே வருகிறவருக்கும் தாங்கும் சக்தி போயிருக்கும், ஆபத்தும் அதே வழியில்தான் வரும். வெளியே வரும் அந்த இரண்டு வாரத்தில்தான் நாம் ஆளைத் தனியாக விடுகிறோம்.

இதற்குப் பதில் 1960-களிலேயே கிடைத்துவிட்டது. நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் இருவரும் 1964 வாக்கில் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு மெத்தடோன் என்ற மருந்தைத் தினமும் ஒரே அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 1965-இல் வெளியான அவர்களது முதல் அறிக்கை 22 பேரைப் பற்றியது. தவிப்பு அடங்கியது, மயக்கம் இல்லை, பகலில் படிக்கவும் வேலைக்குப் போகவும் முடிந்தது. இப்போது இது எப்படி நடக்கிறது என்றால், காலையில் ஒரு சின்ன ஜன்னல் முன்னால் வரிசை, செவிலியர் பெயரைக் கேட்டு, அளந்த மருந்தைச் சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுப்பார், அவர் கண்முன்னே குடித்துவிட்டு, தண்ணீரும் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும். பேசச் சொல்வது மருந்து உள்ளே போய்விட்டதா என்று பார்க்கத்தான், ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் அந்தச் செவிலியர் ஆளின் முகத்தையும் பார்க்கிறார், நேற்று வராதது ஏன் என்று கேட்கிறார். தினமும் ஒருவரைக் கண்ணால் பார்க்கிற சேவை மருத்துவத்தில் வேறு எங்கே இருக்கிறது! பிரான்ஸ் 1995-இல் புப்ரனார்ஃபின் என்ற இன்னொரு மருந்தைச் சாதாரணப் பொதுமருத்துவர்களே எழுதிக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. அடுத்த நான்கு ஆண்டில் போதை அளவு மீறிய மரணங்கள் சுமார் 79 சதவீதம் குறைந்தன.

'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?' என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, அந்தச் சந்தேகம் இயல்பானது. ஆனால் ஊசி ஏறிய சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்ச் சில மணி நேரத்தில் தவிக்க விடும் ஒன்றும், 24 மணி நேரமும் சமமாக நின்று ஆளை எழுந்து நடமாட விடும் ஒன்றும் உடம்புக்குள் செய்வது வேறு வேறு. உயிரோடு இருப்பவருக்குத்தான் மற்ற எல்லா முன்னேற்றமும். அதே காரணத்துக்காக நலாக்சோன் என்ற மருந்து, மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகவும் வருகிறது, ஓபியாய்டு பழக்கம் உள்ளவர் இருக்கும் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். நின்றுபோகும் மூச்சைச் சில நிமிடத்தில் திருப்பும். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், போதை அதற்கப்புறமும் உடம்பில் மிச்சமிருந்தால் மூச்சு மறுபடி அடங்கலாம், அதனால் கண் விழித்துவிட்டாரே என்று விட்டுவிடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

மறுபடி குடித்துவிட்டார் என்பதற்காக ஆளை வெளியேற்றும் மையங்கள் இருக்கின்றன. இருமல் வந்ததற்காக ஆஸ்துமா நோயாளியை வெளியே அனுப்புவார்களா? 2000-ஆம் ஆண்டில் தாமஸ் மெக்லெல்லனும் மற்றவர்களும் எழுதிய ஒரு கட்டுரை இந்த ஒப்பீட்டைத்தான் செய்தது: போதை நோயில் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புவது 40 முதல் 60 சதவீதம், ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் 50 முதல் 70 சதவீதம். நோய் திரும்பினால் மருந்தை மாற்றிப் பார்க்கிறோம், கவனிப்பைக் கூட்டுகிறோம். இங்கே மட்டும் 'திருந்தாத ஜென்மம்' என்று முத்திரை குத்தி அனுப்புகிறோம். அதோடு, சங்கிலி, பூட்டு, அடி என்று நடத்தும் இடங்களும் மறுவாழ்வு என்ற பெயரில் பல நாடுகளில் இருக்கின்றன. அங்கிருந்து வெளியே வந்தவர் அடுத்த தடவை உதவி கேட்கவே வாய் திறக்க மாட்டார், ஆயுளுக்கும்.

தேடிப் போவது என்றால் பெரிய செலவு என்று பயப்பட வேண்டியதில்லை. ஜெரோம் மோட்டோ என்ற மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பரிசோதனை செய்தார். மனச்சோர்வாலோ தற்கொலை முயற்சியாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டு, தொடர் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்த 843 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு அவ்வப்போது ஒரு சின்னக் கடிதம் போகும், ஐந்து ஆண்டில் மொத்தம் 24. சிகிச்சைக்கு வா என்று அதில் இருக்காது, கேள்விகள் இருக்காது. உங்களை நினைத்துக்கொண்டோம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவுதான், அச்சடித்த படிவமாக இல்லாமல் ஒவ்வொன்றும் அந்த ஆளுக்கென்று எழுதியது. இவர்களை உள்ளே இருந்தபோது பேட்டி கண்டவரின் கையெழுத்தோடு. முதல் இரண்டு ஆண்டில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை மற்ற பாதியைவிடத் தெளிவாகக் குறைவு. 2001-இல் முழு முடிவும் வெளிவந்தது. நான் இதைப் படித்த நாளிலிருந்து இதைச் சொல்லாமல் இந்த விஷயத்தை யாரிடமும் பேசியதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கே இது உதவியது என்றால், வர நினைத்தும் வர முடியாதவர்களுக்கு ஒரு போன் அழைப்பு என்ன செய்யும்!

குடும்பத்தைப் பற்றி. வீட்டில் ஒருவர் குடிக்கிறார், சிகிச்சைக்கு வர மறுக்கிறார் என்றால் அவருக்காக மற்றவர்கள் செய்ய எதுவுமே இல்லை, அவர் அடிமட்டம் தொட்டால்தான் திருந்துவார் என்று ஒரு பேச்சு உலகம் முழுக்க இருக்கிறது. அது சரியில்லை. ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறை, குடிப்பவரை விட்டுவிட்டு முதலில் மனைவிக்கோ அம்மாவுக்கோ பயிற்சி கொடுக்கிறது. குடிக்காத நேரத்தில் அன்பாக இருப்பது, குடித்த நேரத்தில் சண்டை போடாமல் விலகுவது, அவர் செய்து வைத்த குழப்பத்தைத் துடைத்துக் கொடுக்காமல் இருப்பது, அவரே நொந்துபோய்ப் பேசும் தருணத்தில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது. அடி விழும் வீடாக இருந்தால் முதலில் அவர்கள் பாதுகாப்பு. 1999-இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தில் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். எல்லோரும் கூடி உட்கார்ந்து அவரை நேருக்கு நேர் கேட்கும் முறையில் 30 சதவீதம்தான். இன்னொரு பழைய உதாரணம்: அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950-களில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரங்கள் போட்டு நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். குடும்பம் நோயைப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போனது, ஆள் திரும்பக் கைவிடப்படவில்லை.

வீடும் வேலையும் சிகிச்சையின் பகுதிதான், இதை விளக்க நிறைய வார்த்தை தேவையில்லை. நடைபாதையில் தூங்குபவர் மாத்திரைப் பெட்டியை எங்கே வைப்பார்? சாம் செம்பெரிஸ் 1992-இல் நியூயார்க்கில் 'முதலில் வீடு, குடியை நிறுத்தினால்தான் என்ற நிபந்தனை இல்லை' என்று ஆரம்பித்ததைக் கனடா ஐந்து நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தது, வீடு கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் வீட்டிலேயே தங்கினார்கள்.

இதற்கெல்லாம் மனநல மருத்துவர்கள் போதாது, எந்த நாட்டிலும் போதாது, அதனால் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களை நம்பித்தான் ஆக வேண்டும். கோவாவில் ஆபத்தான அளவு குடிக்கும் 377 ஆண்களிடம் மருத்துவப் படிப்பே இல்லாத கவுன்சலர்கள் அதிகபட்சம் நான்கு தடவை பேசினார்கள். மூன்று மாதத்தில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், பேசாத பக்கத்தில் 26 சதவீதம். அதே நேரம் இது மந்திரக்கோலும் கிடையாது. மனச்சிதைவுக்கு இந்தியாவில் மூன்று இடங்களில், தமிழ்நாடு உட்பட, சமூகப் பணியாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது, பலன் இருந்தது, ஆனால் அளவானதுதான். கடுமையான நோய்க்குப் பின்னால் ஒரு மருத்துவரும், தேவைப்படும்போது ஒரு படுக்கையும் இருந்தே ஆக வேண்டும், அதை விட்டுவிட்டுப் பணியாளர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் கட்டினால் அவர் ஒரே வருடத்தில் வேலையை விட்டுப் போய்விடுவார். அவரும் போனால் நோயாளி இன்னொரு முகத்திடம் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் காரணம் புரியும்: உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி நாடுகள் சராசரியாகத் தங்கள் சுகாதாரப் பணத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மனநலத்துக்கு ஒதுக்குகின்றன, நடுத்தர வருமான நாடுகளில் அதிலும் 70 சதவீதத்துக்கு மேல் மனநல மருத்துவமனைகளுக்கே போய்விடுகிறது. வீட்டுக்கு வரும் அந்தச் செவிலியருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

உங்கள் வீட்டில் ஒருவருக்காக இடம் தேடிக்கொண்டிருந்தால், சேர்க்கும் முன்னால் சில கேள்விகள் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். குடிநோய்க்கும் மனநோய்க்கும் ஒரே இடத்தில் சிகிச்சை உண்டா, இல்லை வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா? நிறுத்தும் முதல் நாட்களில் மருத்துவர் இரவில் இருப்பாரா? ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்வீர்களா? நாங்கள் எப்போது வேண்டுமானாலும் பார்க்க வரலாமா? வெளியே வந்த முதல் வாரத்தில் யார், எந்த நாளில் அவரைப் பார்ப்பார்? மறுபடி குடித்துவிட்டால் சேர்த்துக்கொள்வீர்களா? கடைசியாக, சொன்ன நாளில் அவர் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? 'அது அவர் பொறுப்பு' என்று பதில் வந்தால் வேறு இடமும் விசாரித்து வையுங்கள். 'அன்று மாலையே போன் செய்வோம், எடுக்காவிட்டால் மறுநாள் இன்னார் வீட்டுக்கு வருவார்' என்று சொன்னால், அந்த இன்னாரின் பெயரையும் எண்ணையும் அங்கே நின்றபடியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.